இன்னும் ரெண்டாயிரம் போட்டா...

"இதுவும் நல்லாத்தான் இருக்கு, மாப்ளே. ஆனா இன்னும் ஒரு ரெண்டாயிரம் போட்டா..."

இந்த வாக்கியத்தை அவர் முடித்ததே கிடையாது. மூன்று புள்ளி வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். மிச்சத்தை நம் சபலம் முடித்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டில் இவர் பெரியப்பாவாக இருக்கலாம், மாடி வீட்டு ரிட்டயர்ட் ஆபீசராக இருக்கலாம். எங்களுக்கு வாய்த்தவர் யார் என்று சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் வருகிற பொங்கல் சீரை நானே கெடுத்துக்கொள்வானேன்? சொல்லாமல் வந்து நிற்பார், காபியில் சர்க்கரை போதாது என்பார். அதெல்லாம் மன்னிக்கக்கூடியவை. கடைக்குக் கூட வருகிறேன் என்பாரே, அதுதான்.

மகளுக்கு எட்டு வயது. தெருமுனை டீச்சரிடம் கீபோர்டு கிளாஸ். வீட்டில் பழக ஒன்று வேண்டும். கையில் ஐயாயிரம் இருந்தது.

அந்த விலைக்குக் கடைக்காரர் எடுத்து வைத்ததில் 44 கட்டை இருந்தது, எல்லாம் குட்டிக் கட்டை. கூட வந்திருந்த நம்மவர் சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். "முழு சைஸ்ல ஒரு ஸ்தாயி பதினாறரை சென்டிமீட்டர் இருக்கணும். இதுல விரல் பழகிட்டா பெரிய கட்டையில தடுமாறும். இது பொம்மை, மாப்ளே. இன்னும் ஒரு ரெண்டாயிரம் போட்டா..."

போட்டேன், மனத்தளவில். முழு அளவில் 61 கட்டை வந்தது. ஒரு கட்டையை மெல்லத் தொட்டார், பிறகு ஓங்கிக் குத்தினார். இரண்டுக்கும் ஒரே சத்தம். "டச் ரெஸ்பான்ஸ் இல்லையே! 1700 வாக்குல ஃபுளோரன்ஸ்ல கிறிஸ்டோஃபோரி எதுக்குப் பியானோ செஞ்சான்? மெல்லவும் வாசிக்கணும், ஓங்கியும் வாசிக்கணும்னுதானே? பியானோ ஃபோர்ட்டேன்னாலே மெல்ல, ஓங்கின்னுதான் அர்த்தம். முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் சாதிச்சதை, ஒரு ரெண்டாயிரத்துக்காக..."

கிறிஸ்டோஃபோரியின் மானத்தைக் காப்பாற்ற அதையும் போட்டேன். 61 கட்டை, முழு அளவு, டச் ரெஸ்பான்ஸ். டீச்சர் கேட்டதும் அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குழந்தைக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அங்கேயே பில் போடச் சொல்லியிருக்க வேண்டும். நானோ அவர் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன்.

ஒரே சமயத்தில் 32 சுரம் ஒலிப்பதைவிட 48 ஒலிப்பது மேல் என்றார். அவளுக்கு இருப்பது பத்து விரல் என்றேன். பெடலை மிதித்தால் பழைய சுரமும் சேர்ந்து நிற்கும் என்றார். தபேலா, தம்புராவோடு நம் ஊருக்கென்றே யமஹாவும் கேசியோவும் மாடல் போடுகின்றன என்றார். கடைசியாக டிஜிட்டல் பியானோவின் முன் போய்ச் செருப்பைக் கழற்றாத குறையாக நின்றார். 88 கட்டை. உள்ளே சுத்தியல் வைத்த மாதிரி இடப்பக்கம் கனம், வலப்பக்கம் லேசு.

பாட்டுக்காரர்கள் சுருதியைக் கட்டையில் சொல்வார்கள், ஹார்மோனியத்திலிருந்து வந்த கணக்கு. ஆண்பிள்ளை ஒருவர் ஐந்து கட்டையில் நின்று பாடினாலே ஊர் வாயைப் பிளக்கும். இவர் என் பட்ஜெட்டை எண்பத்தெட்டுக் கட்டைக்கு ஏற்றிவிட்டார்.

"ஹால்ல இடமில்லையே, மச்சான்?" கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"வாடகை எவ்வளவு குடுக்கறீங்க? இன்னும் ஒரு ரெண்டாயிரம் போட்டா..."

அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினோம். அப்புறம் நாலு கடை, நாலு மாதம்.

அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். தப்பாகச் சொல்கிறவரை மறுத்துவிடலாம். இவருடைய ஒவ்வொரு ரெண்டாயிரமும் நியாயமான ரெண்டாயிரம். கூட்டிப் பார்த்தால்தான் அநியாயம். அந்த நாலு மாதமும் கிளாஸில் பாடம் பழகாமல் வருகிற ஒரே பிள்ளை என் பெண். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, "அப்பா இன்னும் பாத்துக்கிட்டே இருக்காங்க, மிஸ்" என்றாளாம். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து, அவர் கொடுத்த கேட்டலாக்கைப் பார்த்துச் சார்ட் பேப்பரில் கட்டை வரைந்துகொண்டிருந்தாள். அவர் குனிந்து எண்ணினார்.

"அறுபத்தொண்ணுதான் இருக்கு, கண்ணு. இன்னும் ஒரு சார்ட் ஒட்டினா..."

நான் பல்லைக் கடித்தேன். அவர் தானே கடைக்கு ஓடி ஒரு சார்ட் வாங்கி வந்தார். மூட்டு வலியோடு தரையில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டினார். மிச்சக் கட்டைகளை வரைந்து, கறுப்புக் கட்டைகளுக்கு ஸ்கெட்ச் பேனாவால் கறுப்படித்தார். பிறகு அவள் பேப்பரைத் தொட, இவர் வாயாலேயே சுரம் பாடினார். மெல்லத் தொட்டால் மெல்லப் பாடினார். ஓங்கிக் குத்தினால் கத்தினார். டச் ரெஸ்பான்ஸ் பிரமாதம். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

அவள் மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்தினாள். அவர் வாயைத் திறந்தார், திணறினார், ஒரு சுரம் மட்டும் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இன்னும் ஒரு ரெண்டாயிரம் போட்டா மூணும் சேர்ந்து வருமா?"