விசாரிப்புத் திலகம்

தர்மபுரியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அல்லது இன்றைக்கோ நாளைக்கோ பெறப்போகிறவர். வீட்டில் வெளியூர்ப் பயணம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், "அவசரப்படாதீங்க, நான் விசாரிச்சுச் சொல்றேன்" என்று கையை உயர்த்திவிடுவார். அந்தக் கை இறங்குவதற்குள் ஒரு பள்ளி விடுமுறை முடிந்துவிடும். இந்த ஊர் தகடூராக இருந்தபோது ஆண்ட அதியமான், நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுக்கலாமா என்று இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கனி அழுகியிருக்கும். ஔவையாரும் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

திலகத்தின் வாழ்நாள் ஆராய்ச்சி ஒகேனக்கல். தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் வழியாக பஸ் ஓடுகிறது. விடிகாலையில் ஏறினால் இட்லிக்கு அங்கே போய்விடலாம். ஆனாலும் இவருடைய குடும்பம் போகாமலே இருந்தது. 1992இல் வந்த ‘ரோஜா’ படத்தின் பாட்டில் ஒகேனக்கல் அருவியைப் பார்த்த நாளிலிருந்து இவருடைய மனைவி பரிசலில் போக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். ஆசைப்பட்டவருக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள்.

தடையாக நிற்பது ஒரே ஒரு கேள்விதான். பரிசலில் போவதா, காட்டு ஓரம் ரூம் போட்டுத் தங்குவதா? இரண்டையும் செய்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கக் கூடாது. துவைதம், அத்வைதம் போல இவை இரண்டும் ஒன்றையொன்று ஏற்காத மார்க்கங்கள் என்பது திலகத்தின் கொள்கை.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை இந்த ஆண்டு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். அமேசானுக்குப் போகிறவர்களுக்கும் இதே தலைவலிதானாம்: வழிகாட்டியோடு படகில் ஆற்றைச் சுற்றுவதா, மழைக்காட்டுக்குள் விடுதியில் தங்குவதா? பெரு நாட்டில் இக்கிடோஸ் என்ற ஊரிலிருந்து கிளம்புகிறார்களாம். அந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாதாம், விமானம் இல்லையென்றால் படகு. போனில் படம் காட்டினார். திலகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மாப்ள, நம்முளுது மழைக்காடு இல்லீங்க. இலையுதிர் காடு. சித்திரையில பார்த்தா குச்சியாத்தான் நிக்கும். 2022ல காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம்னு அறிவிச்சாங்க, தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்து 686 சதுர கிலோமீட்டர். கோடையில ஆனை தண்ணிக்கு இறங்கும். பென்னாகரம் ரோட்டுலயே குறுக்க வரும்."

அத்தனையும் சரியான தகவல். திலகத்தின் தகவலில் ஒருநாளும் பிழை இருக்காது. பயணம் மட்டும் இருக்காது.

அவருடைய நோட்டை நான் பார்த்திருக்கிறேன். போன வருஷத்து டைரி. நடுவில் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு. இடப்பக்கம் ‘பரிசல்’, வலப்பக்கம் ‘ரூம்’. ரூம் பக்கத்தில் ‘வெந்நீர் காலையில் மட்டுமா?’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு. பரிசல் பக்கத்தில் ‘கவிழ்ந்தால்?’ அதற்குக் கீழே ‘லைஃப் ஜாக்கெட்’. அதற்கும் கீழே ‘ஜாக்கெட் கிழிந்திருந்தால்?’ பக்கம் அத்தோடு முடிந்துவிட்டதால் தப்பித்தோம்.

எண் தேடிப் பிடித்து ஒரு பரிசல்காரருக்குப் போன் போட்டபோது ஸ்பீக்கரில் போட்டார், சாட்சி வேண்டும் என்று.

"தம்பி, பரிசல் எவ்வளவு ஆழம் தாங்கும்?"

"ஆழத்தைத் தாங்காதுங்க ஐயா, ஆளைத்தான் தாங்கும்."

"நடு ஆத்துல சுத்துவீங்களாமே? எத்தனை சுத்து?"

"எண்ணுனதில்லீங்க. ஏறுனவங்க கத்துனா நிறுத்திருவோம்."

நோட்டில் ‘சுற்று: வரையறை இல்லை’ என்று பதிவாயிற்று. அடுத்து ஒரு விடுதி. ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியுமா என்று கேட்டார். "தெரியும் சார், ஆனா ஜன்னலைத் திறக்காதீங்க, குரங்கு உள்ள வந்துரும்" என்றார்கள். திறக்காத ஜன்னலில் தெரியும் ஆற்றுக்கு மதிப்பெண் கொடுப்பதா, குறைப்பதா என்பதில் ஒரு வாரம் போயிற்று.

இந்தப் பட்டிமன்றத்தில் என் கட்சி பரிசல்தான். நாலு சுவரும் ஒரு மின்விசிறியும் தர்மபுரியிலேயே இருக்கின்றன. பரிசல் அப்படியா? மூங்கில் பத்தைகளை வட்டமாகப் பின்னி, ஒரு காலத்தில் தோல் போர்த்தினார்கள்; இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். ஏறும்போது விளிம்பில் கால் வைக்காமல் நடுவில் வைக்க வேண்டும். ஒரே பக்கம் எல்லோரும் உட்காரக் கூடாது. குண்டானவரைப் பரிசல்காரர் ஒரு பார்வையில் எடை போட்டு, "நீங்க இப்படி வாங்கக்கா" என்று இடம் மாற்றும் அழகுக்கே காசு கொடுக்கலாம். சின்னாறு துறையில் ஏறினால் பெரிய அருவி, மணல்திட்டு என்று பாறைச் சுவர்களுக்கு நடுவே போகலாம். வழியில் இன்னொரு பரிசல் பக்கத்தில் வந்து ஒட்டும். அதில் முறுக்கு, கூல் டிரிங்க்ஸ். கரையேறினால் ஆற்று மீன். கட்லாவோ கெளுத்தியோ வாங்கிக் கொடுத்தால், குழம்பும் வறுவலுமாகச் சமைத்துத் தர அங்கே பெண்கள் இருக்கிறார்கள். திலகத்தின் நோட்டில் மீனைப் பற்றி ஒரு வரி கிடையாது. "மீன் எங்க சாப்பிடறதுன்னு முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்று அவர் மனைவி சொன்னதும் பதிவாகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், முடிவு திலகத்தின் கையில் இல்லவே இல்லை. அது பிலிகுண்டுலுவில் இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் அந்த இடத்தில்தான் மத்திய நீர் ஆணையம் தண்ணீரை அளக்கிறது. வயநாட்டில் மழை பிடித்தால் கபினி நிரம்பும். குடகில் பிடித்தால் கிருஷ்ணராஜ சாகர். அங்கே மதகு திறந்தால் இங்கே பாறைகள் மறையும். கலெக்டர் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுவார். 2018 ஆகஸ்டில் நீர்வரத்து விநாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தாண்டியது. அத்தனையும் மேட்டூர் அணைக்குப் போயிற்று.

பொங்கலுக்குத் தொடங்கிய விசாரணை இந்த ஆண்டும் ஆடியில்தான் முடிந்தது. தீர்ப்பு: பரிசல். மறுநாள் பேப்பரில் செய்தி: பரிசல் இயக்கத் தடை. திலகம் வருந்தினார் என்றா நினைக்கிறீர்கள்? செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டி, "நான் அப்பவே சொன்னேன் பாரு" என்றார். அவர் எப்போதும் சொன்னதில்லை. சரி, ரூமாவது போடலாம் என்றால் ஆடிப்பெருக்குக் கூட்டம், எங்கும் இடமில்லை.

தடை நீங்கிய பிறகு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திலகம் கல்யாணத்துக்கு சேலம் போயிருந்தார். மனைவி, மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் பென்னாகரம் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். இரவு திரும்பியபோது மாப்பிள்ளை மேல் அருவிக்கரை மசாஜ் எண்ணெய் வாசனை, எல்லார் மேலும் மீன் வாசனை. வாசலில் நின்றிருந்த திலகத்துக்கு விஷயம் மூக்கிலேயே புரிந்தது.

"நீர்வரத்து எவ்வளவு இருந்துச்சு?"

"தெரியலீங்க மாமா. நனைஞ்சுட்டோம்."

உங்கள் வீட்டிலும் ஒரு திலகம் இருப்பார். அவரிடம் இரண்டு வேலை மட்டும் கொடுங்கள்: அன்றைக்கு நீர்வரத்து எவ்வளவு, பரிசலுக்குத் தடை உண்டா. அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் நோட்டை எடுத்தால் நீங்கள் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்ச் சேருங்கள், சாயந்தரத்துக்கு மேல் பரிசல் கிடையாது. லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.