இன்னிக்கு வந்த முடி

ஹஸ்கி வளர்க்கிறவரிடம் "நாய் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டால், பதில் வாயிலிருந்து வராது. "இருங்க, காட்டறேன்" என்று உள்ளே போய் ஒரு கேரி பேக்கோடு வருவார். பை நிறைய முடி.

"இன்னிக்குக் காலையில மட்டும் வந்தது. தொட்டுப் பாருங்க சார், சுத்தமான முடி."

தொடாமல் லிஃப்ட்டுக்குள் போகமுடியாது. தொட்டால் எந்தக் கருவியில் வந்தது என்று சொல்வார். ஸ்லிக்கர் பிரஷ்ஷில் வந்தது மேலோட்டமான முடியாம். நீளப் பல் வைத்த ரேக் போட்டால்தான் அடியில் இருக்கும் மெத்து முடி வருமாம். பொடிப்பல் பிளேடு கடைசியில், உலர்ந்த உடம்பில், அழுத்தாமல். மூன்றுக்கும் மூன்று தனிக் குவியல் வைத்திருந்த காலமும் உண்டு.

சில நாள் குவியலைத் தரையில் நாய் மாதிரியே பரப்பி, வால்வரைக்கும் உருட்டி, பக்கத்தில் நாயை உட்காரவைத்துப் படம் எடுப்பார். "இதுல எது ஒரிஜினல், சொல்லுங்க பார்ப்போம்!" என்று குடியிருப்போர் வாட்ஸப்பில் போடுவார். அதற்கு முந்தைய செய்தி, இன்று தண்ணி லாரி வராது என்பதாக இருக்கும். குளிர்நாட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை மொத்தமாகக் கொட்டுவது சென்னையில் வருஷம் பூரா கொட்டுகிறது என்பதில் அவருக்கு வருத்தமே கிடையாது. மகசூல்தானே.

கீழ்வீட்டு ராஜபாளையத்துக்கும் ஒருநாள் சீவிவிட்டார். குட்டை முடிக்காரன், ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. சீப்பைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், "பாவம்" என்றார்.

வெயிலுக்கு மொட்டை அடித்துவிடலாமே என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது. மேல்முடிதான் வெயிலைத் தோலில் பட விடாது, சிரைத்துவிட்டால் பழையபடி வளராமலே போகலாம் என்று ஆரம்பித்து, பசிபிக் கடலோரத்து சேலிஷ் பழங்குடியினர் நாய்முடியில் கம்பளி நெய்தது வரைக்கும் போவார். கஷ்டம் என்னவென்றால், சொல்வதெல்லாம் சரி. கம்பளி யோசனையை அந்த வீட்டு அம்மா முளையிலேயே கிள்ளிவிட்டார், புண்ணியவதி.

சீவும்போது அவரைப் பார்க்கவேண்டும். நாய் ஒருக்களித்துப் படுத்து, பின்னங்காலைத் தானே தூக்கிக் கொடுக்கும். முடியை விலக்கி, தோல் சிவந்திருக்கிறதா என்று விரல்நுனியால் தடவிப் பார்ப்பார். கொஞ்சம் நெளிந்தால் உடனே நிறுத்திவிடுவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் யாரையும் கூப்பிட்டு எதையும் காட்டுவதில்லை. அப்போது எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆனால் அவர் உட்கார்ந்து சீவும் இடம் மொட்டைமாடி. பங்குனி, சித்திரையில் அங்கேதான் எங்கள் வீட்டு வடாம் காய்கிறது. ஈர வடாமில் ஒட்டிய ஹஸ்கி முடியை எந்தக் கருவியாலும் எடுக்கமுடியாது; அவருடைய மூன்றையும் மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். போன வருஷம் ஜவ்வரிசி வடாம் ஒரு தட்டு அப்படியே குப்பைக்குப் போனது. சொன்னபோது, "எங்க, காட்டுங்க" என்று ஆசையாகக் கேட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது உள்முடி சார், ரேக்ல வந்தது" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

சார், மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. தண்ணித்தொட்டிக்குப் பின்னால், மேற்கு ஓரமாக உட்காருங்கள். முடி அடுத்த அடுக்ககத்துக்குப் போகட்டும். அவர்கள் வடாம் போடுவதில்லை, விசாரித்துவிட்டேன்.