ஆறு வாட்ஸும் இரண்டு பானையும்

சித்தூர்க் கடைத்தெருவில் அந்த ஸ்பீக்கர் செட்டின் அட்டைப்பெட்டி மேல் "5,000 வாட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. பக்கத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் "பிஎம்பிஓ". நம்மவர் உள்ளே இருந்த அடாப்டரை எடுத்துப் படித்தார். 12 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 24 வாட்ஸ். இருபத்து நாலு உள்ளே போய் ஐயாயிரமாக வெளியே வர இது என்ன அட்சய பாத்திரமா என்று கேட்டார். கடைக்காரர் அசரவில்லை. "எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க சார். யாரும் பெருக்கிப் பார்க்கறதில்லையே!"

நம்மவருக்குச் சித்தூரில் வீடு, திருப்பதியில் உத்தியோகம். வீட்டில் உட்கார்ந்து நல்ல பாட்டுக் கேட்க அவருக்கு அனுமதிக்கப்பட்ட தொகை 5,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா வேண்டுமானாலும் சமையலறையில் மனுப் போட வேண்டும். தவணையில் வாங்கலாமே என்றார் அலுவலக நண்பர். மலைமேல் இருப்பவரே கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அடிவாரத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இதைத் தினமும் கேட்டுக்கொண்டு, கடன் வாங்க யாருக்குத் துணிச்சல் வரும்?

இந்தப் பாட்டு ஆசைக்கு ஊர்ப் பாசமும் ஒரு காரணம். 1954இல் சங்கீத கலாநிதி ஆன சுப்பிரமணிய பிள்ளை, 1945இல் வந்த 'மீரா' படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமியுடன் நடித்த நாகையா, இருவருமே சித்தூரைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு ஊருக்குப் பெருமை சேர்த்தவர்கள். அந்த எம்.எஸ். பாடி 1963இல் எச்எம்வி இசைத்தட்டாக வந்த சுப்ரபாதத்தைத் திருப்பதியில் காசு கொடுத்துக் கேட்க வேண்டியதே இல்லை. டீக்கடை, லாட்ஜ் வாசல், பூக்கடை என்று திரும்பிய பக்கமெல்லாம் கிடைக்கும். ஆனால் குழாய் ஸ்பீக்கரில் கீழ் ஸ்தாயியும் வராது, மேலே உள்ள நுணுக்கமும் வராது. நடுவில் குரல் மட்டும் பிளந்துகொண்டு வரும். பின்னால் தம்புரா என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கேட்க வேண்டும். நம்மவரின் பேராசை மொத்தமும் அவ்வளவுதான்.

அதற்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்? காதுக்குச் சத்தம் இரட்டிப்பாகத் தோன்ற, ஆம்ப்ளிஃபையரின் சக்தி ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். "ஏதாவது மாத்தினீங்களா?" என்று வீட்டில் சந்தேகப்படும் அளவுதான். ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதற்கு ஆறு வாட்ஸ் கொடுத்தால் 98ஐ நெருங்கிவிடும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ஆறு வாட்ஸிலேயே தாராளமாகச் சட்டத்தை மீறலாம் எனும்போது ஐயாயிரம் எதற்கு?

சப்தகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனார். அங்கே சிக்கனக்காரர்களுக்கு நெடுநாள் துணை 4440 போர்டு. கார் ஸ்டீரியோவுக்காக ஜப்பானின் சான்யோ கொண்டுவந்த ஐசி அது. இரண்டு சேனல், சேனலுக்கு ஆறு வாட்ஸ். அந்த ஆறும் பத்து சதவீதச் சிதைவைப் பொறுத்துக்கொண்டால்தான் ஆறு. சுத்தமாகக் கேட்க விரும்புகிறவர் அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்வது நல்லது. கடைப் பையன் பாட்டுக்கேற்ப விளக்கு எரியும் வேறொரு போர்டை நீட்டினான். "விளக்கு எரிஞ்சா பாட்டு நல்லா கேக்குமா தம்பி?" "கேக்காதுண்ணா. ஆனா கேக்கற மாதிரி இருக்கும்." ஐயாயிரம் வாட்ஸ் அட்டையைவிட இது எவ்வளவோ நேர்மையான பதில். 4440 போர்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், டையோடு, கண்டென்சர் எல்லாம் பைக்குள் போயின. மிச்சத்தில் பெரும்பகுதியை ஆறு அங்குல ஸ்பீக்கர் ஜோடி ஒன்றில் கொட்டினார். காதுக்கு வரும் கடைசிப் பொருள் அதுதானே, கஞ்சத்தனத்தை வேறெங்காவது காட்டிக்கொள்ளலாம். காட்டினார்: ஸ்பீக்கர் ஒயர் என்று தனியாக வாங்கவில்லை. வீட்டு வயரிங்கில் மீந்த ஒன்றரை ஸ்கொயர் செம்பு ஒயர் பத்து மீட்டருக்கு 0.12 ஓம்தான். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பிறகு பெட்டி. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டு அலைகளும் சந்தித்தால் கீழ் ஸ்தாயி ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். நடுவில் சுவர் வேண்டும், அது அதிராத சுவராக இருக்க வேண்டும். தச்சர் சொன்ன விலையில் கட்டிலே வாங்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் குரலைத் தாழ்த்தி, செம்மரம்தான் இசைக்கு உயர்ந்தது என்றார். உண்மைதான். சேஷாசலத்துச் செம்மரத்தில் ஜப்பானியர் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியம் செய்கிறார்கள். அதே மரத்தில் சித்தூர்க்காரர் ஸ்பீக்கர் பெட்டி செய்தால், பாட்டைக் கேட்க முதலில் வருவது செம்மரக் கடத்தல் தடுப்புப் படையாகத்தான் இருக்கும்.

மிஞ்சியது மண்பானை. கேசட் காலத்தில் தமிழ்நாட்டுச் சலூன்களும் டீக்கடைகளும் கண்ட தொழில்நுட்பம் அது: பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்க்காமல் வானம் பார்க்க வைத்து, மூலைப் பலகையில் ஏற்றிவிடுவார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். 1951இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்து ஹாரி ஓல்சன், கனசதுரம், உருளை, கூம்பு, கோளம் என்று பன்னிரண்டு வடிவங்களில் ஒரே ஸ்பீக்கரை மாட்டிச் சோதித்தார். விளிம்பில் மோதி ஒலி சிதறாமல் மிகச் சீராக வந்தது கோளத்தில். கனசதுரம் மோசமானவற்றில் ஒன்று. டீக்கடைக்காரர் ஓல்சனைப் படித்ததில்லை. பானையைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

மொகிலி கணவாய் ஏறிப் பெங்களூர்ச் சாலையில் போனால் பலமனேர், சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர். அங்கே நம்மவர் பானை பானையாகத் தட்டிவிட்டு, ஒவ்வொன்றின் வாயிலும் தலையைக் கொடுத்து "ம்ம்ம்" என்று சுருதி பிடித்தார். பானைக்கார அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "விரிசல் இல்ல சார், தைரியமா எடுத்துக்குங்க" என்றார் தெலுங்கு கலந்த தமிழில். "விரிசல் வேணாம்மா. அடியில ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் குடுங்க." ஓட்டை என்று பானையைத் திருப்பிக் கொண்டுவருபவர்களை மட்டுமே பார்த்துப் பழகிய அந்த அம்மாள், பணத்தை முதலில் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பிறகுதான் பானையைத் தொட்டார்.

டீக்கடை முறையில் இரண்டு கோளாறு உண்டு. வானம் பார்த்த ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயி நேராகக் கூரைக்குப் போய்விடும். காலிப் பானை, மிருதங்கமானாலும் கிடாரானாலும் ஒரே "தும்"தான் சொல்லும். முதலாவதற்குப் பானையைச் சாய்த்து, பிரிமணையில் உட்காரவைத்து, வாயைக் காதுப் பக்கம் திருப்பினார். விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டி வளையம் போட்டுக் காற்றை அடைத்தார். இரண்டாவதற்கு இலவம்பஞ்சு. அது எங்கிருந்து வந்தது என்பது மாமியார் தலையணையில் தலை வைத்த பிறகுதான் வீட்டில் தெரிந்தது.

சுவிட்சைப் போட்டதும் பாட்டுக்கு முன்பே "ங்ங்ங்" என்று ஓர் இரைச்சல். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. டையோடுகள் இரு பாதியையும் ஒரே பக்கம் திருப்புவதால் மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். சுப்ரபாதம் தொடங்கியது. மாமியார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "தம்புரா அருமையா கேக்குது மாப்பிள்ளை" என்றார். நம்மவர் கண்டென்சரைப் பெரிதாக்கி, எர்த் ஒயர்களையெல்லாம் ஒரே புள்ளியில் சேர்த்து, இரைச்சலை ஒழித்தார். நிஜத் தம்புரா மெல்லியதாக, குரலுக்கு அடியில் எழுந்தது. "முன்னாடியே நல்லா இருந்துது" என்றார் மாமியார்.

பிறகு அறையோடு மல்லுக்கட்டு. கடப்பா கல் தரையில் கை தட்டினால் நான்கு கை தட்டியது. ஜமுக்காளம் விரித்ததும் அடங்கியது. தவில் வரும்போதெல்லாம் ஸ்டீல் பீரோ உடன் வாசித்தது. கதவிடுக்கில் மடித்த 'ஈநாடு' செருகப்பட்டது.

செம்மர யோசனை சொன்ன பெரியவர் ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, தமக்கும் ஒரு ஜோடி வேண்டுமென்று நம்மவரைப் பலமனேருக்கு அழைத்துப் போனார். பானைக்கார அம்மாள் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். விலை இரண்டு மடங்காகியிருந்தது. போன தடவை இவ்வளவு இல்லையே என்றதற்கு, "அது தண்ணிப் பானை ரேட்டு சார். இது ரேடியோ பானை. ஓட்டைக்குத் தனி" என்றார்.