தள்ளுபடி தின்னும் கார்

பினாங்கின் பாலிக் புலாவில் ஒரு வீட்டில் மின்சாரக் காருக்கு மின்னேற்றும் செலவை, கார் குடிக்கும் யூனிட்டை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த வீட்டில் ஏற்கெனவே எத்தனை ஏர்கான் ஓடுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

2025 ஜூலை 1 முதல் மலேசிய மின்விநியோக நிறுவனமான தெனாகாவின் வீட்டுக் கட்டணம், எரிபொருள் சரிக்கட்டல் நீங்கலாக, யூனிட்டுக்கு 44.43 சென். சிக்கனக்காரர்களுக்கு அதில் தள்ளுபடி உண்டு. மாதம் 300 யூனிட் எரிக்கும் குடும்பத்துக்கு யூனிட்டுக்கு 22.5 சென் கழியும். பில் சுமார் 66 ரிங்கிட். காருக்கென்று 200 யூனிட் கூடியதும் தள்ளுபடி 12 சென்னாகச் சுருங்கும், அதுவும் மொத்த 500 யூனிட்டுக்கும். பில் 162 ரிங்கிட். ஆக, காரின் யூனிட் 48 சென். விருந்தாளி தன் இலையைக் காலி செய்துவிட்டு வீட்டார் இலையிலும் கைவைத்த கதைதான். 600 யூனிட்டைத் தாண்டினால் சில்லறைக் கட்டணம் 10 ரிங்கிட், மொய் மாதிரி.

இரவு 10 மணி முதல் மறுநாள் பிற்பகல் 2 வரை மலிவான நேரக் கட்டணமும் உண்டு. அதற்குக் கார்க்காரர் மட்டும் ஸ்மார்ட்டாக இருந்தால் போதாது, மீட்டரும் இருக்க வேண்டும்.

அந்த 200 யூனிட்டில் சமதரையில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் ஓடலாம். ஊருக்கு வரும் துன் சார்டோன் சாலையின் மலை வளைவுகளில் குறையும். இறக்கத்தில் மோட்டார் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும். பின்சீட்டில் டுரியான் கூடை இருந்தால் கணக்கு வேறு, வாசனையும் வேறு.