அடிக்குறிப்புப் புலவர்

எந்தச் சட்டக் கல்லூரியிலும் வகுப்புக்கு ஒருவராவது இவர் இருப்பார். வாடகை பாக்கி வைத்தவரைக் காலி செய்யச் சொல்லலாமா என்று ஐந்து பக்க அசைன்மென்ட் கேட்டால், புலவர் ரோமாபுரியிலிருந்து கிளம்புவார். ஜஸ்டினியனுக்கு ஒரு வணக்கம், மனுவுக்கு ஒரு கண்டனம், நான்காம் பக்கத்தில் கேசவானந்த பாரதி வழக்கு. அந்த வழக்கு வராத கட்டுரையை அவர் கட்டுரையாகவே மதிப்பதில்லை. நாய் கடித்த வழக்கென்றாலும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு ஒருமுறை ஆடி அடங்கவேண்டும். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஐந்தாம் பக்கத்தின் கடைசியில் தலைகாட்டும்போது தாள் தீர்ந்துவிடும். பக்கத்தில் பாதி அடிக்குறிப்பு. அதில் வரும் தீர்ப்புகளில் அவர் படித்தது ஹெட்நோட் மட்டும். ‘சுப்ரா’ (மேலே காண்க) என்று போட்டிருக்கிறாரே என்று மேலே தேடிப் போனால், அங்கே ஒன்றும் இராது.

ஆங்கிலம் போதவில்லை, அதனால்தான் இப்படி என்பது பொதுவான நோய்க்கணிப்பு. எனக்கு அது சரியாகப் படவில்லை. புலவருக்குப் போதாதது மொழியல்ல, கேள்வி. எதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று முடிவு செய்யாதவர், சொல்லாமலிருப்பதை மறைக்க நீளமாகத்தான் எழுதியாகவேண்டும். 1966இல் பெஸ்விக் வழக்குத் தீர்ப்பை இங்கிலாந்து நீதிபதி டெனிங் பிரபு எழுதிய விதத்தைப் பாருங்கள். கிழவர் ஒருவர் நிலக்கரி வியாபாரத்தை அண்ணன் தம்பி வழிப் பிள்ளையிடம் ஒப்படைக்கிறார், தாம் போனபின் மனைவிக்கு வாரம் 5 பவுன் தரவேண்டும் என்பது பேச்சு, பிள்ளை நிறுத்திவிடுகிறான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத அந்த விதவை கேட்கமுடியுமா? சின்னச் சின்ன வாக்கியங்களில் கதை முடிவதற்குள் கேள்வி நம் முன்னே நிற்கிறது. லத்தீன் தேவைப்படவில்லை.

நீதிபதிகளே பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே என்று புலவர் எதிர்வாதம் வைப்பார். கேசவானந்த பாரதி தீர்ப்பு நீளம்தான். ஆனால் 1973இல் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7க்கு 6 என்று பிரிந்து, 11 தனித்தனித் தீர்ப்புகள் எழுதினார்கள். புலவர் ஒற்றை ஆள். தவிர, நீதிபதி எழுதினால் எல்லாம் செல்லும் என்றும் இல்லை. ஹிமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் உத்தரவு ஒன்றை 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்குக் காரணம், அது புரியவில்லை என்பதுதான். வேடிக்கை என்னவென்றால், அதுவும் வாடகை வழக்கு. 2022இல் அதே உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த வேறொரு புரியாத தீர்ப்பைத் திருப்பி அனுப்பிய உச்ச நீதிமன்றம், தீர்ப்பு எழுதும் முறையையே விளக்கியது: பிரச்சினை, அதற்குரிய விதி, விதியை இந்தச் சங்கதிக்குப் பொருத்துதல், முடிவு. புலவர் இரண்டாவதில் குடியேறி, மற்ற மூன்றையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்.

தமிழ் வழியில் படித்து வந்தவரிடமும் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 348ஆவது பிரிவு ஆங்கிலத்தைக் கேட்கிறது, பாவம் அவர் என்ன செய்வார் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் மொழி கைவராதவருக்கு ஆபத்து நீண்ட வாக்கியத்தில்தானே இருக்கிறது? சுருக்கமாக எழுதினால் பிழைக்கும் இடம் குறைவு. கலைச்சொற்களை விடச் சொல்லவில்லை. ‘ரெஸ் ஜூடிகேட்டா’வுக்கு (ஏற்கெனவே தீர்ந்த வழக்கு) வேலை இருக்கிறது, ‘ஹியர்இன்பிஃபோர்’ (இதற்கு முன்) சும்மா உட்கார்ந்திருக்கிறது. இப்போது புலவர் அடிக்குறிப்பையும் கணினியிடம் கேட்டு வாங்குகிறார். அப்படி வாங்கிய, இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023இல் நியூயார்க் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது.

புலவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. கனத்தைப் பார்த்து மார்க் போட்டால் அவர் கனமாகத்தான் எழுதுவார். ஆசிரியர்களே, முதல் பக்கத்தில் கேள்வியும் அதற்குப் பதிலும் இல்லாத அசைன்மென்டை, அடிக்குறிப்பு எத்தனை இருந்தாலும், தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.