மூத்திரம் பார்த்த மகான்கள்

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்கி ஏறுகிற பலருக்கும் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகக் கட்டிய மருத்துவமனையால் வந்தது. சளியைச் சோதித்துப் பழகிய அந்த ஊருக்கு 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்து சேர்ந்தது. திறந்துவைத்தவர் மன்மோகன் சிங். சளியோடு சிறுநீரும் கணக்கில் சேர்ந்தது.

சித்த வைத்தியத்தின் எட்டு வகைத் தேர்வுகளில் மூத்திரமும் ஒன்று. தேரையர் என்ற சித்தரின் பெயரில் வழங்கும் முறை இது. விடிந்ததும் வருவதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்து, நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் எல்லாம் பார்க்க வேண்டும். பிறகு வெளிச்சத்தில் வைத்து ஒரே ஒரு சொட்டு நல்லெண்ணெய். பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாகப் பரவினால் பித்தம், முத்தாக நின்றால் கபம். காற்று படக் கூடாது. ஃபேனுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் தாம்பரம் மொத்தத்துக்கும் வாதம்தான்! எண்ணெய்ச் சொட்டுக்குக் கிருமியைக் காட்டத் தெரியாது என்பது வாஸ்தவம். ஆனால் தேரையர் யாரையும் குத்தவில்லை, சுடவில்லை.

வெள்ளைக்காரன் கதை வேறு. அங்கே நோயாளி வீட்டில் படுத்திருப்பார், வேலைக்காரன் குப்பியைத் தூக்கிக்கொண்டு போவான், வைத்தியர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஜாதகமே சொல்லிவிடுவார். இந்த மூத்திர ஜோசியர்களைக் கிழித்துத் தாமஸ் பிரையன் 1637இல் ஒரு புத்தகமே போட்டார். அடுத்து வந்த தாமஸ் வில்லிஸ் சர்க்கரை நோயாளியின் மூத்திரத்தை நாக்கில் வைத்துப் பார்த்து, தேன்போல இனிக்கிறது என்று 1674இல் எழுதினார். இதே சோதனையை நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் எறும்பிடம் ஒப்படைத்திருந்தார்கள். யார் புத்திசாலி என்று நீங்களே சொல்லுங்கள்.

நக்கிப் பார்த்தது போதாதென்று உள்ளேயே எட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். 1806இல் போசினி என்ற ஜெர்மானியர் மெழுகுவர்த்தி, கண்ணாடி, குழாய் மூன்றையும் சேர்த்து ஒரு கருவி செய்தார். இவ்வளவு ஆர்வம் ஆகாது என்று வியன்னா பெரியவர்கள் அதட்டி உட்கார வைத்தார்கள். 1853இல் பிரெஞ்சுக்காரர் தெசோர்மோ மெழுகுவர்த்தியை விட்டுவிட்டு, சாராயமும் டர்பன்டைனும் கலந்து எரியும் விளக்குக்கு மாறினார். எந்த இடத்துக்குப் பக்கத்தில் எரிந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1870களின் கடைசியில் மாக்ஸ் நிட்ஸே பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பியை மூத்திரப் பைக்குள்ளேயே அனுப்பினார். சுடாமலிருக்கச் சுற்றிலும் தண்ணீர் ஓட்டம். எடிசன் பல்பு வந்த பிறகுதான் ஆண் வர்க்கம் மூச்சு விட்டது.

இன்று குரோம்பேட்டை, பல்லாவரம் ஸ்கேன் சென்டர்களில் பார்க்கலாம். தண்ணீர் பாட்டிலும் கையுமாகக் கால்மேல் கால் போட்டு இறுக்கி உட்கார்ந்திருப்பார்கள். “நல்லா முட்டிச்சா சார்?” என்று நர்ஸ் கேட்பார். முட்டியதும் ஒரு ஸ்கேன், போய்விட்டு வந்ததும் மீதி எவ்வளவு என்று இன்னொன்று. யூரோஃப்ளோ என்றால் புனலுக்குள் போக வேண்டும், மெஷின் வேகத்தைக் கோடு போட்டுக் காட்டும். சுவரைக் கண்டால் கூச்சமில்லாதவருக்கு அந்தப் புனலைக் கண்டால் வராது.

கல்ச்சர் டெஸ்டுக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க: லேப் தரும் மூடி போட்ட டப்பாவில்தான் பிடிக்க வேண்டும், ஊறுகாய் பாட்டில் ஆகாது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். ரத்தம் கலந்து போனால், வலி இல்லாவிட்டாலும், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.