எண்பது வாட் பிரதாபம்

ரிமோட் விமானத்தின் பற்றரிக்கென்று பதுளைக் கடைவீதியில் 80 வாட் சார்ஜரை விசாரித்து வாங்குகிற தோட்டத்து இளைஞர், அதற்கு மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளை விஷயத்தில் மட்டும், பழைய ரவுட்டரோடு வந்த 12 வோல்ட், 2 அம்பியர் அடப்டரே போதுமென்று தீர்மானித்துவிடும் தைரியம் விசேஷமானது. பெருக்கினால் 24 வாட். அதிலும் ஒரு பங்கைச் சார்ஜரே உஷ்ணமாக்கி விழுங்கிவிடும். பெட்டியில் அச்சிட்ட பிரதாபத்தை மெய்யென்று நம்பிச் சார்ஜர் இழுக்க, அடப்டர் மூர்ச்சையாகிறது.

80 வாட் வெளியே வர 100 வாட்டாவது உள்ளே போகவேண்டும், அதாவது 12 வோல்ட்டில் 8 அம்பியருக்கு மேல், ஆகையால் பழைய கம்பியூட்டரின் பவர் சப்ளையே உசிதம் என்றால், "பிளக் சரியாப் பொருந்துதே அண்ணே!" என்கிறார்.

2022இல் மணிக்கணக்கான மின்வெட்டு நிலவியபோது இந்தத் தர்க்கத்துக்கே அவசியம் நேரவில்லை. ஊவாவின் லயங்களில் சகல சார்ஜர்களும் சம சக்தியோடு விளங்கின.